‘கெட்’ என்னும் வினைச்சொல்லும் அதன் இணைச்சொற்களும்: வாசகர் கேள்வி-பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் ‘கெட்’ என்னும் ஆங்கில வினையைப் பற்றி அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

‘கெட்’, ‘ரிசீவ்’, ‘ஆப்டெய்ன்’, ‘அக்வயர்’ ஆகிய நான்குக்கும் ‘பெறு’ என்றே பொருள் படித்தேன். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எழுதலாமா? (பிளஸ் டூ மாணவி, பாலக்கோடு)

எல்லா இடத்திலும் எழுத முடியாது. பெறுகிறவர் அதற்காக என்ன செய்தார் என்று பார்த்தால் வேறுபாடு பிடிபட்டுவிடும். ஒன்று தானாக வந்து சேர்ந்தால் ‘ரிசீவ்’; விண்ணப்பித்தோ அனுமதி கேட்டோ அலைந்தோ வாங்கினால் ‘ஆப்டெய்ன்’. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துச் சாதிச் சான்றிதழ் வாங்கியதை ‘ஐ ஆப்டெய்ன்ட் த சர்டிபிகேட்’ என்று எழுதலாம். அது தொடர்பான குறுஞ்செய்தி கைபேசிக்கு வந்ததை ‘ஐ ரிசீவ்ட் த மெசேஜ்’ என்றுதான் எழுத வேண்டும். குறுஞ்செய்தியை ‘ஆப்டெய்ன்’ செய்ததாக எழுதினால், யாரிடமோ மன்றாடி அதை வாங்கியது போலத் தொனிக்கும்.

‘அக்வயர்’ என்பது ஒன்றைத் தனதாக்கிக்கொள்வது. ஓசூர்ப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழ வளரும் குழந்தை, பாடமாகப் படிக்காமலேயே அம்மொழிகளைக் கைவரப் பெறுவதை மொழியியலார் இச்சொல்லால்தான் குறிக்கிறார்கள். நிலத்துக்கும் இதே சொல் வருகிறது. தொழிற்பேட்டைக்கோ சாலைக்கோ அரசு நிலம் எடுக்கும்போது நாம் கேள்விப்படும் ‘லேண்ட் அக்விசிஷன்’, அதாவது நில எடுப்பு, இதன் பெயர்ச்சொல்லே. நிலத்துக்குரியவர் விற்க முன்வராவிட்டாலும் சட்டப்படி இழப்பீடு வழங்கி எடுக்க முடியும் என்பதால், அதை ‘பர்ச்சேஸ்’ என்று எழுதினால் பொருள் மாறிவிடும். பேச்சு வழக்கில் இந்த வேறுபாடுகளைப் பெரும்பாலும் ‘கெட்’ ஒன்றே விழுங்கிவிடுகிறது.

எங்கள் தோட்டத்துப் பெங்களூரா மாம்பழத்துக்கு நல்ல விலை கிடைத்தது என்பதை ‘குட் ப்ரைஸ் காட் ஃபார் மாங்கோஸ்’ என்று எழுதியிருந்தேன். வாங்குகிறவர் சிரித்துவிட்டார். எது சரி? (மா விவசாயி, காவேரிப்பட்டணம்)

சிரித்தது சரியல்ல, ஆனால் வாக்கியத்திலும் பிழை இருக்கிறது. தமிழில் ‘விலை கிடைத்தது’ என்னும்போது விலையே எழுவாய். ‘கெட்’ அப்படி நிற்காது. பெறுகிறவரை எழுவாயாகக் கேட்கும். ஆகவே ‘வீ காட் எ குட் ப்ரைஸ் ஃபார் அவர் மாங்கோஸ்’ என்று எழுதுங்கள். பழத்தையே எழுவாயாக்க விரும்பினால் அதற்கென்றே ஒரு வினை இருக்கிறது: ‘த மாங்கோஸ் ஃபெட்ச்ட் எ குட் ப்ரைஸ்’. ‘ஃபெட்ச்’ என்பதற்குப் போய் எடுத்து வருதல் என்பது முதற்பொருள். விற்பனைப் பொருளோடு சேரும்போது விலைபோதல். மாங்கூழ் ஆலைக்கு எழுதும் கடிதத்தில் இரண்டாவது வாக்கியமே எடுப்பாக இருக்கும்.

‘வீ ஆர் நாட் கெட்டிங் டிரிங்கிங் வாட்டர்’ என்று மனு எழுதலாமா? ‘கெட்’ மரியாதைக் குறைவு என்கிறார்களே? (ஊராட்சி வாசகர், பென்னாகரம்)

இலக்கணப்படி பிழையில்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ‘கெட்’ ஸ்காண்டிநேவியர் வழியாக ஆங்கிலத்தில் சேர்ந்த பழைய சொல். ‘ரிசீவ்’, ‘ஆப்டெய்ன்’ போன்றவை 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. நெடுங்காலம் பிரெஞ்சும் லத்தீனும் ஆட்சியிலும் நீதிமன்றத்திலும் இருந்ததால், அந்தச் சொற்களில் இன்றும் அலுவலக மிடுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனுவில் அந்த மிடுக்கு வேண்டுமென்றால் ‘ரிசீவிங்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ‘ஆப்டெய்னிங்’ வேண்டாம், குழாயில் வர வேண்டிய தண்ணீரை நீங்கள்தான் தேடிப் பெறவில்லை என்பது போலாகிவிடும். என்னைக் கேட்டால், எத்தனை நாளாக வரவில்லை என்று தேதியோடு எழுதுவது இந்த மாற்றத்தைவிட முக்கியம்.

மேலாளர் ‘கெட் த மெஷின் செக்ட்’ என்று எழுதினார். நானே சரிபார்க்க வேண்டுமா? (தொழிற்சாலை ஊழியர், ஓசூர்)

வேண்டியதில்லை, ஆளை வைத்துப் பார்க்கச் செய்யுங்கள் என்பதே பொருள். இதே அமைப்பில்தான் ‘ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்’ என்பதும் வரும். ‘ஐ ரிப்பேர்ட் மை பைக்’ என்றால் ஸ்பேனர் உங்கள் கையில் இருந்ததாகிவிடும். யாரைக்கொண்டு செய்வித்தீர்கள் என்று சொல்ல வேண்டுமானால் ‘ஐ காட் த மெக்கானிக் டு செக் இட்’ என்று ‘டு’ சேர்த்து எழுத வேண்டும். ‘கெட்’டுக்குப் பதில் ‘ஹேவ்’ போட்டால் அந்த ‘டு’ வராது: ‘ஐ ஹேட் த மெக்கானிக் செக் இட்’. நம்மவர்கள் அதிகம் இடறுவது இந்த ஓரெழுத்தில்தான்.

பேருந்திலிருந்து இறங்குவது ‘கெட் டவுன்’ தானே? (நடத்துநர், தருமபுரி)

இந்தியாவில் யாருக்கும் குழப்பம் வராது, தாராளமாகச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பயணியிடம் பேசும்போதோ தேர்வில் எழுதும்போதோ, பேருந்துக்கும் ரயிலுக்கும் ‘கெட் ஆஃப்’, காருக்கு ‘கெட் அவுட் ஆஃப்’ என்று கொள்ளுங்கள். அறிவிப்புப் பலகையில் எழுத ‘அலைட்’ பொருந்தும்.