சாவி யாரிடம்?

(காவல்துறையின் ஆயுதப் படையில் 29 ஆண்டுகள் ஆயுதக் கிடங்கைக் கவனித்து எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர் இவர். மகள் வீட்டில் ஆறு மாதம் தங்க டெக்சாஸ் போய்விட்டு வந்திருக்கிறார். துப்பாக்கிச் சட்டம், பாதுகாப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

என் மகள் டல்லாஸ் பக்கம் இருக்கிறாள். ஏழு வயதுப் பேரன் சனிக்கிழமை ஆனால் எதிர்வீட்டுப் பையனோடு விளையாடப் போய்விடுகிறான். அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறதாம். "அதையெல்லாம் கேட்டா தப்பா நினைப்பாங்கம்மா" என்கிறாள். எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை ஐயா. — ஒரு வாசகி, கும்பகோணம்

கேட்கச் சொல்லுங்கள் அம்மா. தப்பாக நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

என் மகளுக்கும் இதே கூச்சம்தான். ஒரு நாள் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு போகும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் நானே அரைகுறை இங்கிலீஷில் கேட்டுவிட்டேன். மனிதர் கோபப்படவில்லை. நான் போலீஸில் ஆயுதக் கிடங்கு பார்த்தவன் என்றதும் தோளில் கைபோட்டு கராஜுக்கு அழைத்துப் போனார். ஆள் உயர இரும்புப் பெட்டி, எண் பூட்டு. உள்ளே ஏழு துப்பாக்கிகள். எண்ணெய் போட்டுத் துடைத்து, எங்கள் கிடங்கே வெட்கப்படும் அளவுக்கு வைத்திருந்தார். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் பழக்க தோஷத்தில், "இவ்வளவுதானா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். கட்டில் பக்கத்து டிராயரில் ஒரு பிஸ்டல் இருக்கிறதாம், தோட்டா போட்டபடியே. திருடன் வந்தால் பெட்டியைத் திறந்துகொண்டிருக்க நேரமிருக்காது என்றார். அவருக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். "அவளுக்கு அது தெரியாது" என்றார்.

நீங்கள் பரணில் ஒளித்துவைத்த முறுக்கு டப்பா உங்கள் பிள்ளைகளுக்கு எப்போதாவது தெரியாமல் இருந்திருக்கிறதா அம்மா?

டெக்சாஸ் ஒன்றும் கெடுபிடியான மாநிலம் இல்லை. 2021 செப்டம்பரிலிருந்து பெரியவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம். அங்கேயே, 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைத்து, அது பிள்ளை கையில் சிக்கினால் குற்றம். கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்றால் பூட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான சட்டம். பல ஊர்களில் போலீசே கம்பிப் பூட்டை இலவசமாகத் தருகிறார்கள். ஆக உங்கள் மகள் கேட்பதில் விநோதம் ஒன்றும் இல்லை. அவளுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுங்கள்: துப்பாக்கியைத் தனியாகக் கேட்க வேண்டாம். "நாய் கடிக்குமா, நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கா, துப்பாக்கி பூட்டியிருக்கா" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால், எதிர்வீட்டுப் பையன் இங்கே வந்து விளையாடட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் நான் கிளம்புவதற்குள் விரல் ரேகைக்குத் திறக்கும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கிவிட்டதாகச் சொன்னார். நான் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் புகுந்து சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரேயடியாகத் தடை செய்துவிட வேண்டியதுதானே? — கல்லூரி மாணவர், தூத்துக்குடி

முடியாது தம்பி. 1791-ல் அவர்கள் அரசியல் சட்டத்தில் சேர்த்த இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்கிறது. அது தனிமனிதனுக்கு உள்ள உரிமை என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியே எடுத்துப் போவதும் அதில் சேர்த்தி என்று 2022-ல் சொன்னது. அதனால் சண்டையெல்லாம் யாருக்கு, எந்த வயதில், என்ன விசாரணைக்குப் பிறகு என்பதில்தான். 2022 மே மாதம் டெக்சாஸில் யுவால்டி என்ற சின்ன ஊரில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன், 18 வயது முடிந்த கையோடு கடையில் சட்டப்படி ரைபிள் வாங்கியவன். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 ஆக வேண்டும், ரைபிளுக்கு 18 போதும்! அடுத்த மாதமே 21 வயதுக்குக் கீழானவர்களைக் கூடுதலாக விசாரிக்கச் சட்டம் வந்தது. வயது மட்டும் அப்படியே இருக்கிறது.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. எங்கள் படையில் ஃபயரிங் முடிந்தால் காலித் தோட்டாக்களை எண்ணித் திருப்ப வேண்டும். ஒருமுறை ஒன்று குறைந்தது. நாற்பது பேர் வரிசையாகக் குனிந்து, டார்ச் அடித்து, ராத்திரி எட்டு மணி வரை புல்லைக் கோதினோம். கடைசியில் அது ஒருவருடைய பூட்ஸுக்குள் கிடந்தது. வெடித்து முடிந்த வெறும் பித்தளைக் கூட்டுக்கு அந்தப் பாடு. ஆட்களைவிடத் துப்பாக்கிகள் அதிகமுள்ள அந்த நாட்டிலோ, எந்தத் துப்பாக்கி யாரிடம் என்ற பதிவேட்டை மத்திய அரசு வைத்துக்கொள்ளவே கூடாது என்று 1986-ல் சட்டம் போட்டிருக்கிறார்கள். கொலை நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால் மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் இருக்கும் மத்திய அரசு அலுவலகம், செய்த கம்பெனிக்குக் கேட்டு, மொத்த வியாபாரிக்குக் கேட்டு, கடைக்காரருக்குக் கேட்டு வர வேண்டும். மூடிய கடைகளின் ரசீதுகள் அங்கே மலைபோல் சேர்ந்திருக்கின்றன. படமெடுத்து வைத்திருந்தும் வாங்கியவர் பெயரைப் போட்டுத் தேட முடியாது. பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள்.

ஏன் இப்படி? பட்டியல் இருந்தால் அரசாங்கம் ஒரு நாள் வீடு வீடாக வந்து பிடுங்கும் என்ற பயம். அதை நான் கேலி செய்ய மாட்டேன். 1878-ல் ஆயுதச் சட்டம் போட்டு நம்மை உரிமம் கேட்க வைத்து, தன் ஆட்களுக்கு மட்டும் வெள்ளைக்காரன் விலக்குக் கொடுக்கவில்லையா? ஆனாலும் காருக்கு நம்பர் பிளேட் மாட்டுகிறவர்களுக்குத் துப்பாக்கிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கசக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

பிள்ளை செய்த குற்றத்துக்கு அப்பா அம்மாவை ஜெயிலில் போட்டார்களாமே, நியாயமா? — ஒரு வாசகர், நாகர்கோவில்

மிச்சிகன் வழக்கைச் சொல்கிறீர்கள். 2021 நவம்பரில் 15 வயதுப் பையன் தன் பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்றான். அந்தத் துப்பாக்கியை அப்பா வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அன்று காலையிலேயே பையன் வரைந்த துப்பாக்கிப் படத்தைக் காட்டிப் பள்ளி பெற்றோரை அழைத்துப் பேசியது. அவர்கள் பையனை வீட்டுக்குக் கூட்டிப் போகவும் இல்லை, பையைத் திறந்து பார்க்கவும் இல்லை. 2024-ல் இருவருக்கும் குறைந்தது 10 ஆண்டு சிறை. நியாயம்தான். என் கிடங்குச் சாவியை நான் மேஜையில் விட்டுவிட்டுப் போயிருந்தால் என்னை மட்டும் சும்மா விட்டிருப்பார்களா?

ஆஸ்திரேலியாவில் எவ்வளவோ கட்டுப்பாடு. அப்படியும் பாண்டை கடற்கரையில் 15 பேரைச் சுட்டுவிட்டார்களே. சட்டத்தால் என்ன பயன்? — சிட்னி வாசகர்

உங்கள் ஊர்க் கதை பலருக்குத் தெரியாது, அதைச் சொல்லிவிடுகிறேன். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் ஒருவன் சுட்டதில் 35 பேர் செத்தார்கள். பிரதமர் ஜான் ஹோவர்ட் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் இடதுசாரியும் இல்லை. பன்னிரண்டே நாளில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு மாநிலங்களை ஒப்புக்கொள்ள வைத்தார். துப்பாக்கிக்காரர்கள் கூட்டத்துக்குக் கோட்டுக்குள் குண்டு துளைக்காத உடுப்பு போட்டுக்கொண்டு போய்ப் பேசினார். ஏறக்குறைய ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசு காசு கொடுத்து வாங்கி உருக்கியது. "தற்காப்புக்கு வேண்டும்" என்பதை ஒரு காரணமாகவே ஏற்பதில்லை.

பாண்டையில் நடந்ததற்குப் பிறகு உங்கள் கோபம் புரிகிறது. சுட்டவர்கள் அப்பனும் மகனும். அப்பன்காரன் உரிமம் உள்ளவன், அவன் பெயரில் ஆறு துப்பாக்கிகள் பதிவாகியிருந்தன. பதிவேட்டை எழுதினார்கள், யாரும் அதைத் திறந்து வாசிக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நகரத்தில் குடியிருப்பவனுக்கு ஆறு எதற்கு? இந்தியாவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுதான். அதற்கு முன்பு மூன்று.

நகைக் கடை வைத்திருக்கிறேன். பாதுகாப்புக்கு ஒரு ரிவால்வர் உரிமம் வாங்கலாமா? — வியாபாரி, சேலம்

விண்ணப்பிப்பது உங்கள் உரிமை. போலீஸ் விசாரணை, பயிற்சி எல்லாம் உண்டு. தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொன்னால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்க வேண்டும். சரி, அதற்கு முன்னால் ஒரு சம்பவம் கேளுங்கள்.

நான் கிடங்குக்கு வந்த புதிது. இரவுப் பாரா முடித்து ஒருவர் எஸ்.எல்.ஆர் ரைபிளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். முதலில் தோட்டா இருக்கும் மேகசீனைக் கழற்ற வேண்டும், பிறகுதான் காக் செய்ய, அதாவது பிடியைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். அவர் மாற்றிச் செய்தார். காக் செய்தபோது ஒரு தோட்டா உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டது. மேகசீனைக் கழற்றிவிட்டோமே என்ற தைரியத்தில் ட்ரிக்கரை அழுத்தினார். குழல் மணல் மூட்டையைப் பார்த்து இருந்ததால் நான் இன்று பதில் எழுதுகிறேன். மூன்று நாள் என் காதில் கீயென்று சத்தம். அவர் புது ஆள் இல்லை, பதினோரு வருட சர்வீஸ். குடித்திருக்கவும் இல்லை. பசி, அவ்வளவுதான்.

இன்னொன்று. 2022-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கு மேல். அதில் பாதிக்கும் அதிகம் கொலை இல்லை, தற்கொலை. திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி வீட்டில் இருப்பவரின் ஒரு கெட்ட இரவுக்கும் அங்கேயேதான் இருக்கும். உங்கள் கடைக்கு நல்ல ஷட்டர், கேமரா, இரவுக் காவலாளி போதும் என்பேன்.

வடக்கே உறவினர் கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டுக் கொண்டாடினார்கள். மேலேதானே சுட்டார்கள்? — ஒரு வாசகர், ஓசூர்

மேலே போனது கீழே வரும். 2019 திருத்தப்படி கொண்டாட்டத்துக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை பந்திக்கு மட்டும் போங்கள்.

ஓய்வுக்குப் பிறகு உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? — ஒரு வாசகி, தென்காசி

ஒன்று உண்டு. போன தீபாவளிக்குப் பேரனுக்கு வாங்கிய கேப் துப்பாக்கி. கையில் வாங்கியதும் நேராக என் மூக்குக்கு நீட்டினான். "குழலைக் கீழே பிடி, விரலை வெளியே எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் பயந்து, அதைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டான். அவள் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். கேப் சுருள் தனி டப்பாவில் சமையலறையில் இருக்கிறது. சாவியை இதுவரை என்னிடம் காட்டவில்லை.