ஆளில்லாத மேஜை: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம்.

பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி லு சிதானேர் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய தோட்ட ஓவியங்களைத் தேடிப் பார்த்தேன். மேஜை இருக்கிறது, விரிப்பு இருக்கிறது, பழமும் கோப்பையும் இருக்கின்றன, ஆளைத்தான் காணவில்லை. அழகு என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. வரவேற்பறையில் மாட்டிவைப்பதற்கான படங்கள்தானே இவை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தங்கள் கேள்வி நியாயமானது. ஆனால், மனிதர்களை வரையத் தெரியாமல் அவர் விட்டுவிடவில்லை. 1862இல் மொரீஷியஸின் போர்ட் லூயியில் பிறந்து, பத்து வயதில் பிரான்சின் துறைமுக நகரான டன்கர்க்குக்கு வந்து, பாரிஸில் ஓவியர் கபனேலிடம் பயின்ற லு சிதானேர், கடலோர ஊரான எதாப்ளில் வாழ்ந்த காலத்தில் ஆதரவற்ற சிறுமிகள் வரிசையாக நடந்துசெல்வதை வரைந்தவர். 1898இல் தீட்டிய 'ஞாயிறு' ஓவியத்தில் வெண்ணிற ஆடை உடுத்திய இளம்பெண்கள் இருக்கிறார்கள். அதன்பின் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரத்துக் கால்வாய்களை வரையத் தொடங்கிய நாட்களில்தான் ஆட்கள் ஒவ்வொருவராக அவருடைய படங்களை விட்டு வெளியேறுகிறார்கள்.

1901இல் அவர் பிரான்சில் ஜெர்பெருவா என்ற சிற்றூருக்கு வந்து, சில ஆண்டுகளில் அங்கே வீட்டை வாங்கி, பழைய கோட்டையின் இடிபாடுகளுக்கு நடுவே ரோஜாக்களை வளர்த்தார். வெள்ளைப் பூக்களுக்கென்றே தனியாக ஒரு தோட்டமும் அமைத்தார். பின்னாளில் வரையப்போவதை முதலில் மண்ணில் நட்டுப் பார்த்தவர் என்றே அவரை நான் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த மேஜைகளைச் சற்றுப் பொறுமையாக மறுபடி பாருங்கள். வெள்ளை விரிப்பு என்று நாம் எண்ணுவது, கிட்டத்தில் போனால் வெள்ளையே அல்ல; இளஞ்சிவப்பும் ஊதாவும் மங்கிய பச்சையும் சின்னச் சின்னத் தீற்றல்களாக ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடக்கின்றன. வண்ணப் புள்ளிகளாலேயே படம் தீட்டிய ஓவியர் சேராவைப் போல விதி வகுத்துக்கொண்டு புள்ளி வைத்தவர் அல்லர் இவர். அந்திநேரத்தில் பொருள்களின் விளிம்பு கரைவதை அப்படியே கையில் பிடிக்க இந்தத் தீற்றல் அவருக்குத் தேவைப்பட்டது. பின்னால் வீட்டின் சன்னலில் மஞ்சள் வெளிச்சம் தெரியும். விளக்கை யாரோ இப்போதுதான் ஏற்றியிருக்கிறார்கள். விரிப்பை யாரோ உதறி விரித்திருக்கிறார்கள். ஆளை வரைந்திருந்தால் நாம் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்திருப்போம். ஆள் இல்லாததால் அந்த வீட்டில் வாழ்கிறவர்களின் கைப்பழக்கம் முழுவதும் நமக்குத் தெரியவருகிறது, அவர்களுக்காக நாமும் அங்கே காத்து நிற்கிறோம். அலங்காரப் படம் எதுவும் என்னை இப்படி நிறுத்திவைத்ததில்லை.

1923இல் அவர் வரைந்த 'நீல மேஜை'யைத் திரை முழுவதும் விரித்துப் பாருங்கள். அது எந்த வேளை, யாருக்காக இடப்பட்ட மேஜை என்று தங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.

அன்புடன்.