குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன?

வேண்டாம் என்பதே என் கருத்து. நம் நாட்டில் ஆட்சி நடத்துவது பிரதமரும் அமைச்சரவையும். நாடு முழுவதும் வாக்கு வாங்கி வந்த ஒருவர், 'என்னையும் மக்கள்தானே அனுப்பினார்கள்' என்று பிரதமருக்கு எதிராக நிற்கலாம். ஒரே உறையில் இரண்டு கத்தி எப்படி இருக்கும்?

மாநிலங்களின் குரலும், தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் வாக்களிக்கும் இப்போதைய மறைமுகத் தேர்தலில்தான் ஒலிக்கிறது. எல்லா எம்.பி.க்களின் மொத்த வாக்கு மதிப்பும், எல்லா எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பும் ஏறக்குறையச் சமம். 2022 தேர்தலில் உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 208, தமிழ்நாட்டில் 176, சிக்கிமில் 7. கணக்குக்கு அடிப்படை 1971 மக்கள்தொகை. பிறப்பு விகிதத்தைக் குறைத்த நம் மாநிலம் அதனால் இதில் தண்டிக்கப்படவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஆளும் கூட்டணி பலமாக இருந்தால், வேட்பாளரை அறிவித்த அன்றே முடிவு தெரிந்துவிடும். தகுதியைவிடக் கட்சி விசுவாசம் முந்திக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஆனால் இது ரகசிய வாக்கெடுப்பு, கட்சிக் கொறடா உத்தரவிட முடியாது. 1969-இல் காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டியை, சுயேச்சையாக நின்ற வி.வி.கிரி தோற்கடித்தார். அதுவும் முதல் சுற்றில் அல்ல, வாக்காளர்கள் அடுத்த தேர்வாகக் குறித்திருந்த இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணிய பிறகு.