வேண்டாத அயல்நாட்டுப் பிராணிகளுக்கு வீட்டிலேயே புகலிடம்: கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் இரண்டு அறைகள் காலியாக இருக்கின்றன. யாருக்கும் வேண்டாத இகுவானா (பெரிய பல்லி வகை), பாம்பு, கிளி போன்றவற்றை ஏற்று வளர்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சட்டத்திலிருந்து. எந்த இனத்தை வைத்திருக்கலாம், எதற்கு உரிமம் வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். வனவிலங்குத் துறையிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 2017 முதல், வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. சும்மாதானே தருகிறார்கள் என்று ஆவணமில்லாமல் வாங்கி வைத்தால் வம்பு உங்கள் தலையில்தான் விடியும். அடுத்து, மருத்துவர். நாய், பூனைக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் எல்லோரும் ஊர்வனவற்றைத் தொட மாட்டார்கள். தொடுபவரைத் தேடிப் பிடித்த பிறகே முதல் பிராணி வீட்டுக்குள் வர வேண்டும். ஆரம்பத்தில் ஓர் இனம் போதும். பாம்பும் கிளியும் ஒன்றாகத் தொடங்கினால் இரண்டையுமே அரைகுறையாகத்தான் கற்பீர்கள்.

கேள்வி: அதிகம் கைவிடப்படுபவை எவை?

பதில்: குட்டியாக விற்கப்பட்டுப் பெரிதாக வளர்பவை. நாணயம் அளவில் வாங்கிய சிவப்புக் காது ஆமை 25 செ.மீ.க்கும் மேல் வளரும். உள்ளங்கையில் அடங்கும் சல்காட்டா என்ற ஆப்பிரிக்க நில ஆமையின் குஞ்சு 40 கிலோவைத் தாண்டி, வேலிக்கு அடியில் வளை தோண்டும். விற்பவர் இதைச் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

கேள்வி: புதிதாக வந்த பாம்பை எத்தனை நாள் தனியே வைப்பது? பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது.

பதில்: பார்வையை நம்பாதீர்கள். ஊர்வனவற்றுக்கு 90 நாள், பறவைகளுக்குக் குறைந்தது 30 நாள், தனி அறை, தனிக் கிண்ணம், தனி இடுக்கி. பழைய பிராணிகளின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். கூண்டில் மரத்தூள் வேண்டாம், வெள்ளைக் காகிதம் விரியுங்கள். எச்சம் தெளிவாகத் தெரியும், உண்ணியும் தெரியும். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுப்பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் கிடந்தாலோ, பாம்பு பகலெல்லாம் தண்ணீரிலேயே சுருண்டு கிடந்தாலோ உண்ணியைச் சந்தேகியுங்கள். கண்ணைச் சுற்றியும், தாடைக்கு அடியில் உள்ள மடிப்பிலும் உருப்பெருக்கியால் பாருங்கள். ஓர் உண்ணி அடுத்த அறைக்குப் போனால் எல்லாக் கூண்டுகளையும் கழுவ வேண்டிவரும்.

கேள்வி: என்னிடம் வந்த இகுவானாவின் தாடை வீங்கியிருக்கிறது, கால் நடுங்குகிறது. விளக்கு எப்போதும் எரிந்ததாக முன்பு வளர்த்தவர் சொல்கிறார்.

பதில்: எரிந்திருக்கும், அதில் யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தீர்ந்திருக்கும். கண்ணுக்கு வெளிச்சம் குறையாமலே கதிர் குறைந்துவிடும். அதனால்தான் வகையைப் பொறுத்து 6 முதல் 12 மாதத்துக்குள் விளக்கை மாற்றச் சொல்கிறோம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் உதவாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கதிர் இல்லாவிட்டால் உடலில் வைட்டமின் டி உருவாகாது, கால்சியம் சேராது, உடல் எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் வீக்கம் பெரும்பாலும் அந்த எலும்பு நோய்தான். உடனே மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுங்கள். அதுவரை கிளைகளை எல்லாம் கீழே இறக்கிவிடுங்கள், விழுந்தால் எலும்பு முறியும். மருந்துக் கடையில் வைட்டமின் வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். நோய் நின்றாலும் தாடையின் கோணல் முழுதாகச் சரியாகாமல் போகலாம்.

கேள்வி: பால் பைதான் (பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு) இரண்டு மாதமாக இரை எடுக்கவில்லை.

பதில்: வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறையாவிட்டால் பதற வேண்டாம், அந்த இனம் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா, இரு பக்கமும் மறைவிடம் இருக்கிறதா என்று பாருங்கள். எடை இறங்கினால் மருத்துவர்.

கேள்வி: வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. ஆபத்தா?

பதில்: ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் ஊர்வனவற்றைத் தொடவே கூடாது. ஆரோக்கியமான ஆமையின் எச்சத்திலும் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம். கிண்ணங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். கிளி இருந்தால் அடுப்படியில் இன்னொரு அபாயம்: ஒட்டாத பூச்சுள்ள சட்டி அதிகம் காய்ந்தால் வரும் புகை பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும்.

கேள்வி: குட்டிகளை விற்றுச் செலவை ஈடுகட்டலாமா?

பதில்: அப்படியானால் அது புகலிடம் அல்ல, பண்ணை. இனப்பெருக்கம் கூடாது, ஆணையும் பெண்ணையும் பிரித்து வையுங்கள். ஆண் இல்லாமலும் பெண் இகுவானா முட்டையிடும் என்பதால் மண் நிரப்பிய பெட்டி ஒன்று வேண்டும். இடமில்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: ஒரு குரங்கை ஏற்கச் சொல்கிறார்கள்.

பதில்: மறுத்துவிடுங்கள். வீட்டில் முடியாது.

கேள்வி: எத்தனை பிராணிகள் வரை ஏற்கலாம்?

பதில்: நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கும் நாளில் இன்னொருவர் எத்தனையைக் கவனிக்க முடியுமோ அத்தனை. கூண்டுகளில் ஒன்று எப்போதும் காலியாக இருக்கட்டும். சாம்பல் கிளி 40, 50 ஆண்டுகள் வாழும், சல்காட்டா அதற்கும் மேல். உங்களுக்குப் பின் யார் என்பதை இப்போதே எழுதி, அவரிடம் ஒப்புதலும் வாங்குங்கள்.

கேள்வி: ஆமையைக் கொடுக்க வந்தவரிடம் இடமில்லை என்றேன். "அப்படியானால் ஆமையைக் குளத்தில் விட்டுவிடுவேன்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: இந்த மிரட்டல் எல்லோருக்கும் வரும். அதற்குப் பணிந்துதான் பல புகலிடங்கள் நிரம்பி நாறுகின்றன. சிவப்புக் காது ஆமை உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இருப்பதையும், குளத்தில் விடுவது பல நாடுகளில் குற்றம் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். பிறகு, தொல்லை என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் தண்ணீர் நாற்றம்தான். பெரிய தொட்டி, வலுவான வடிகட்டி, உணவை வேறு பாத்திரத்தில் போடுவது, இவ்வளவில் பாதிப் பேர் தாங்களே வைத்துக்கொள்வார்கள். மீதிப் பேரின் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் எழுதி, அனுமதி பெற்ற வேறு காப்பகங்களின் எண்களையும் கொடுத்தனுப்புங்கள்.