சீன வரியில் முதிய கண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாசிக்கும்போது கண் நகரும் விதம் பற்றிய உங்கள் கட்டுரையில், வயதானவர்கள் சொற்களை ஊகித்துத் தாண்டிப் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இது எல்லா மொழிக்கும் பொருந்துமா? சீனத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளியே கிடையாதாமே. அங்கே எழுபது வயதுக்காரர் எப்படிப் படிக்கிறார்? எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால் போதாதா?

சுமதி

அன்புள்ள சுமதி,

பொருந்தாது. ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு மட்டும் என்று நான் வரையறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். உளவியலாளர் கெய்த் ரேனரும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஆங்கில வாசகர்களைப் பற்றியது. அதில் முதியவர்கள் மெதுவாகப் படித்தார்கள். ஆனால் அவர்கள் கண் நீளமாகத் தாவியது, சொற்களை அதிகம் தாண்டியது, ஊகம் தவறிய இடத்தில் பின்னால் திரும்பியது. மெதுவாகிவிட்ட வாசிப்பை ஊகத்தால் ஈடுகட்டுகிறார்கள் என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள்.

சீனாவின் தியான்ஜின் நகர ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் சேர்ந்து சீன வாசகர்களிடம் இதையே சோதித்து 2016இலும் 2018இலும் வெளியிட்டார்கள். தாவும் விதத்தில் முடிவு நேர் எதிர். சீன முதியவர்களின் கண் அதிக இடங்களில் நிற்கிறது, நின்ற இடத்தில் அதிக நேரம் நிற்கிறது, பின்னாலும் அடிக்கடி திரும்புகிறது. இதுவரை ஆங்கிலம் போலத்தான். ஆனால் முன்னோக்கிய தாவல் குட்டையாகிவிடுகிறது; சொற்களைத் தாண்டுவதும் குறைகிறது. ஒவ்வொரு அடியாகக் காலூன்றி நடக்கிற வாசிப்பு.

காரணம் தாளில் இருக்கிறது. கண் நிற்கும்போதுதான் எழுத்து தெளிவாகப் பதிகிறது, ஒரு நிறுத்தம் ஏறக்குறைய கால் விநாடி. ஆங்கிலம் படிப்பவர் ஒரு நிறுத்தத்தில் வலப்பக்கம் சுமார் 15 எழுத்து வரை ஏதாவது தகவல் பெறுகிறார். அந்த விளிம்பில் எழுத்து தெரியாவிட்டாலும் வெள்ளை இடைவெளி தெரியும். அடுத்த சொல் குட்டையா நெட்டையா என்று தெரிந்துவிடும். தாண்டுவதற்கு அந்தத் துப்பு போதும். சீனத்தில் இளைஞருக்கே இடப்பக்கம் ஓர் எழுத்து, வலப்பக்கம் மூன்று எழுத்து, அவ்வளவுதான் எல்லை. இடைவெளி என்ற துப்பும் இல்லை. பெரும்பாலான சொற்கள் இரண்டெழுத்து. எந்த இரண்டு சேர்ந்தது என்பதைப் படிப்பவரே பிரிக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம் விடுவதில்லை. 'செம்பொன்பதின்றொடி' என்ற பழைய உரை உதாரணத்தைச் செம்பொன் பதின்தொடி (பத்துத் தொடி எடைப் பொன்) என்றும் பிரிக்கலாம், செம்பு ஒன்பதின்தொடி (ஒன்பது தொடி எடைச் செம்பு) என்றும் பிரிக்கலாம். சீனத்தில் இதற்கு இணையாகச் சொல்லப்படுவது நான்ஜிங் நகரின் யாங்சி பாலத்தின் பெயர். ஏழெழுத்து. மூன்றாம் எழுத்தோடு வெட்டினால் 'நான்ஜிங் நகர யாங்சி பெரும்பாலம்'. நான்காம் எழுத்தோடு வெட்டினால் 'நான்ஜிங் மேயர் ஜியாங் தாச்சியாவ்', ஓர் ஆளின் பெயர்! இப்படிப்பட்ட வரியில் ஊகித்துத் தாவினால் வாக்கியமே கவிழ்ந்துவிடும். முதியவர் தாவாமல் இருப்பதைத் தளர்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். அவர் தன் எழுத்துமுறைக்குத் தக்கபடி படிக்கிறார்.

இதோடு கோடுகளின் நெரிசலும் உண்டு. 'மண்' என்பதற்கும் 'கற்றோன்' என்பதற்கும் உரிய எழுத்துகள் இரண்டிலும் மூன்றே கோடுகள். கிடைக்கோடுகளில் மேலது நீளமா கீழது நீளமா என்பதுதான் வேறுபாடு. 'டிராகன்' எழுத்து 1956க்குப் பிறகான எளிய வடிவில் 5 கோடு, தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்றும் 16 கோடு. வயதானால் கண்மணி சுருங்கி உள்ளே போகும் ஒளி குறைகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது, நுண்கோடுகளைப் பிரித்தறியும் திறன் மங்குகிறது. 2016 ஆய்வில் கோடு மிகுந்த எழுத்துகளில் முதியவர்களின் கண் கூடுதல் நேரம் தங்கியது.

இத்தகைய ஆய்வை வாசிக்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, படிப்பு. சீனாவில் கலாசாரப் புரட்சிக் காலத்தில் நிறுத்தப்பட்ட பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு 1977இல்தான் திரும்பியது. அந்தத் தலைமுறையை இன்றைய கல்லூரி மாணவரோடு ஒப்பிடும்போது படித்த ஆண்டுகளைச் சமப்படுத்தாவிட்டால், வயதின் விளைவு என்று நினைப்பது பள்ளி இழப்பின் விளைவாக இருந்துவிடும். இரண்டாவது, கண் நகர்வைக் கேமராவால் பதிவுசெய்யும் கருவியின் துல்லியம். திரையில் ஓர் எழுத்து, பார்ப்பவர் கண்ணில் விழும் கோணத்தில், வழக்கமாகச் சுமார் ஒரு டிகிரி அகலம். கேமராவின் அளவுத்திருத்தம் அரை டிகிரிக்குமேல் பிசகினால் நிறுத்தம் பக்கத்து எழுத்தின் கணக்கில் ஏறிவிடும்; இரண்டெழுத்துச் சொற்களில் அது வேறொரு சொல்லாகவே ஆகிவிடலாம். தொங்கும் இமை, கண்வறட்சி, கண்ணாடியின் பிரதிபலிப்பு எல்லாம் முதியவர்களிடம்தான் அதிகம். பைஃபோகல் கண்ணாடியில் படிக்கும் பகுதி கீழே இருக்கும். சோதனையில் தலை அசையாமலிருக்கத் தாடையைத் தாங்கியில் வைத்துவிட்டால் தலையைத் தூக்கி அதன் வழியாகப் பார்க்க முடியாது. 40 செ.மீ.க்குக் கொடுத்த கண்ணாடி 70 செ.மீ. தள்ளியிருக்கும் திரைக்கும் உதவாது. அந்தத் தூரத்துக்கென்றே ஒற்றைப் பவர் கண்ணாடி வேண்டும்.

எழுத்தைப் பெரிதாக்கினால் போதுமா என்று கேட்டீர்கள். கோட்டு நெரிசலுக்கு உதவும், நல்ல வெளிச்சமும் கறுப்பு மையும் கூட உதவும். சொல்லெல்லை அதனால் தெரியாது. எழுத்துக்கு எழுத்து இடம் விடுவதும் தீர்வல்ல. சொற்களுக்கு நடுவே இடம் விட்ட சீன வாக்கியங்களைத் தாய்மொழி இளைஞர்கள் வழக்கமான வேகத்திலேயே படித்தார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் இடையே விட்டபோது வேகம் குறைந்தது என்று 2008 ஆய்வொன்று காட்டியது. முதியவர்களுக்கான சீனப் பக்கத்தை வடிவமைப்பவர் எழுத்தைப் பெரிதாக்கட்டும், ஆனால் ஒரு சொல்லின் இரண்டு எழுத்துகளை வரி முடிவில் பிரித்து அடுத்த வரிக்குத் தள்ளாமல் பார்த்துக்கொள்ளட்டும்.