பிள்ளைகளும் காற்பந்தும்: பெற்றோர் கேள்விகள், கோச் பதில்கள்

கோலாலம்பூர் செந்தூலில் வார இறுதி மாலைகளில் 8 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்றேன், கொட்டிவிட்டீர்கள். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கோச், போன ஆட்டத்தில் என் மகனும் இன்னொரு பையனும் தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். "ஓகேப்பா" என்று சொல்லித் தொடர்ந்து ஆடினான். ராத்திரி தலைவலி, இன்னும் இருக்கிறது. ஆடவிட்டது தப்பா? (கெப்போங், 11 வயதுப் பையனின் அப்பா)

ஆடவிட்டிருக்கக் கூடாது. இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

அடிபட்ட பிள்ளையிடம் "ஓகேயா?" என்று கேட்டுப் பயனில்லை. ஆட்டத்தை விட்டு வெளியேற எந்தப் பையனுக்கு மனசு வரும்? "இது எந்தத் திடல்? கடைசி கோலைப் போட்டது யார்?" என்று கேட்பேன். முழித்தாலோ, பதில் இழுத்தாலோ, நடை தள்ளாடினாலோ அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் டக்கென்று பதில் சொன்னாலும், எனக்குச் சந்தேகம் இருந்தால் வெளியேதான். மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலோர் மயங்குவதே இல்லை.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, கழுத்து வலி: இதில் ஒன்று இருந்தாலும் கிளினிக் வேண்டாம், நேரே மருத்துவமனை அவசரப் பிரிவு. மற்றபடி முதல் ஓரிரு நாள் ஓய்வு, கைப்பேசியும் குறைவாக. பள்ளிக்கு வழக்கம்போல் போக முடிந்த பிறகுதான் பயிற்சி. தொந்தரவு எதுவும் இல்லாமல், டாக்டரும் சரி என்ற பிறகுதான் ஆட்டம். அப்போதும் இரண்டு வாரத்துக்கு முன் நான் யாரையும் ஆட்டத்தில் இறக்குவதில்லை, இறுதியாட்டமாக இருந்தாலும் சரி. ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால், லேசான அடிகூட உயிருக்கே ஆபத்தாகலாம்.

9 வயதில் பந்தைத் தலையால் முட்டப் பழக்கலாமா?

வேண்டாம். இங்கிலாந்திலேயே 2020 முதல் 11 வயதுக்குட்பட்டோருக்குப் பயிற்சியில் தலைமுட்டல் கூடாது என்று வழிகாட்டியிருக்கிறார்கள். காலால் பந்தை நிறுத்தக் கற்கவே இந்த வயது போதாது.

மழை வராமல் இடி மட்டும் கேட்டால் ஏன் நிறுத்துகிறீர்கள்?

இடி காதில் விழும் தூரத்தில்தான் மின்னலும் இருக்கிறது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திடலுக்குள் கால் வைப்போம். மரத்தடி வேண்டாம், கார் அல்லது கட்டடம். அப்புறம், புகைமூட்டத்தில் ஐபியு (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) 100-ஐத் தாண்டினால் அன்றைக்கும் பயிற்சி கிடையாது. முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவேன்.

மகனுக்கு 12 வயது. ஓடி முடித்தால் குதிகாலைப் பிடித்துக்கொண்டு நொண்டுகிறான். சோம்பேறித்தனமா?

இல்லை. வளரும் வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதியைக் கெண்டைத் தசை இழுப்பதால் வருவது. ஓட்டத்தைக் குறையுங்கள், ஐஸ் வையுங்கள், ஷூவுக்குள் மெத்தென்ற குதிகால் பேட் போடுங்கள். வளர்ச்சி முடிந்தால் தானாகப் போய்விடும். ஆடாதபோதும் வலித்தாலோ வீங்கினாலோ டாக்டரைப் பாருங்கள்.

நான் கத்தினால்தான் ஓடுகிறான் கோச். எங்க அப்பாவும் என்னை அப்படித்தான் வளர்த்தார். இதில் என்ன தப்பு? (ஜாலான் ஈப்போ)

ஐயா, அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பார்க்காதீர்கள், மகனை மட்டும் பாருங்கள். பந்து காலுக்கு வந்ததும் ஒரு நொடி உங்கள் பக்கம் திரும்புகிறான். அந்த நொடியில் எதிரணிப் பையன் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறான். "நிமிர்ந்து பார், அப்புறம் அடி" என்று வாரம் முழுக்க நான் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் கோட்டோரம் நின்று "அடி, அடி" என்கிறீர்கள். அவன் யார் பேச்சைக் கேட்பான்?

கைதட்டுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், போதும். வீடு திரும்பும்போது காரில் அவனாக எடுத்தால் ஒழிய ஆட்டப் பேச்சு வேண்டாம். உங்கள் அப்பாவைப் பற்றி எழுதினீர்கள், சரி. எத்தனை வயதில் ஆடுவதை விட்டீர்கள் என்பதையும் எழுதியிருக்கலாம்.

தோற்றால் மகன் ஒரே அழுகை, அன்று முழுக்கச் சாப்பிடுவதில்லை.

அழட்டும், தடுக்காதீர்கள். மறுநாள் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 2010 ஏஎஃப்எஃப் சுசுகி கோப்பையில் (தென்கிழக்காசிய நாடுகளின் காற்பந்துப் போட்டி) நம் மலேசியா முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 5-1 என்று உதை வாங்கியது. அதே மாதக் கடைசியில், ராஜகோபால் பயிற்சியில், அதே இந்தோனேசியாவை இறுதியில் வென்று கோப்பையைத் தூக்கியது. இறுதி என்பது இரண்டு ஆட்டம்; அதன் இரண்டாவது ஆட்டத்தில்கூட நாம் 2-1 என்று தோற்றோம். அதற்கு முந்தைய ஆட்டத்தில் புக்கிட் ஜாலிலில் போட்ட 3 கோல்தான் காப்பாற்றியது.

நானும் கணவரும் பிரிந்துவிட்டோம். பயிற்சிக்கு நான் கொண்டுவருகிறேன். ஆட்டத்தன்று அவரும் வருகிறார், திடலிலேயே வாக்குவாதம். இப்போது மகன் ஆடவே வர மாட்டேன் என்கிறான்.

அம்மா, அவனுக்குக் காற்பந்து கசக்கவில்லை, அந்த ஒன்றரை மணி நேரம்தான் கசக்கிறது. என்னிடமும் இப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு. ஒருவர் இந்தக் கோல் பக்கம், இன்னொருவர் அந்தக் கோல் பக்கம். யாரோடு வீட்டுக்குப் போகிறான் என்பது முந்தின இரவே முடிவாகிவிட வேண்டும், பையனைக் கேட்கக் கூடாது. ஆட்ட நேரம், இடம் எல்லாம் இருவருக்கும் ஒரே செய்தியாகப் போகும். இதை நீங்கள் அவரிடம் சொன்னால் இன்னொரு சண்டை வரும். உங்கள் கோச்சைச் சொல்லச் சொல்லுங்கள், அது எங்கள் வேலைதான். பிள்ளையை யார் அழைத்துப்போகலாம் என்று நீதிமன்ற உத்தரவு இருந்தால் ஒரு நகலைக் கோச்சிடம் கொடுத்துவையுங்கள்.

மொக்தார் டஹாரி அகாடமியை நம்பி டியூஷனை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். பகாங் மாநிலக் கம்பாங்கில் உள்ள அந்தக் காற்பந்து அகாடமிக்கு நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள். உங்கள் மகன் நவம்பரில் பிறந்தவன் என்கிறீர்கள். 12 வயதில் அதே வருஷத்து ஜனவரிப் பிள்ளைக்கும் அவனுக்கும் உள்ள பத்து மாத இடைவெளி உடம்பில் நன்றாகத் தெரியும், தேர்வாளர் கண்ணில் பெரியவன்தான் முதலில் படுவான். அந்த இடைவெளி மங்கும்வரை, இன்னும் மூன்று வருஷம் விடாமல் ஆடட்டும்.

கோச் ஒருவர் என் மகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்புகிறார். (எங்கள் அணி இல்லை)

எல்லாச் செய்தியும் பெற்றோர் இருக்கும் குழுவில்தான் வர வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, கிளப் நிர்வாகத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். செய்தி ஆபாசமாகவோ, "அம்மாவிடம் சொல்லாதே" என்றோ இருந்தால் நேரே போலீஸ், அல்லது தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999. மகளைத் திட்டாதீர்கள், அடுத்த முறை சொல்லவே மாட்டாள்.

"வெயிலில் ஆடினால் கருத்துப்போவாள்" என்று பாட்டி பேத்தியை விடவில்லை.

பாட்டியை ஒரு நாள் திடலுக்கு அழைத்து வாருங்கள். நாற்காலி நான் போடுகிறேன்.

வளரும் கால்தானே, பூட்ஸை ஒரு சைஸ் பெரிசாக வாங்கலாமா?

வேண்டாம். கால் உள்ளே வழுக்கிக் கொப்புளம் போடும், கணுக்காலும் பிசகும். கட்டைவிரலுக்கு முன்னால் அரை விரல் அகல இடம் இருந்தால் போதும். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சனிக்கிழமை கேளுங்கள், அண்ணன்மார் விட்டுப்போன நல்ல ஜோடிகள் ஒரு மூட்டை என் காரின் பின்பெட்டியில் இருக்கின்றன.