குருமனை நடையில் யாரும் பாடியதில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். நான் தென்னிந்தியத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்று ஆறு வருடங்கள் ஆகின்றன. இப்போது இருக்கும் சேகரத்தில், அதாவது என் ஒருவன் பொறுப்பிலுள்ள வட்டாரத்தில், ஐந்து சபைகள். உங்கள் தகப்பனாரும் குருவானவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் உங்களிடம் கேட்கிறேன். டிசம்பரில் மட்டும் எனக்குப் பதினாறு பிரசங்கங்கள். வருடாவருடம் கேட்டதையே கேட்கும் ஜனங்களுக்குப் புதிதாக என்ன சொல்வது? அடுத்து, வாலிபர் சங்கத்தார் இந்த வருடம் வீடு வீடாகப் பாடிப் போகும் கேரலுக்கு எல்இடி திரை கட்டிய வண்டியும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் வேண்டும் என்கிறார்கள். பெரியவர்கள் கூடவே கூடாது என்கிறார்கள். நான் எந்தப் பக்கம் நிற்பது?

அந்த மாதம் முழுக்க இரவு ஒரு மணிக்கு முன்னால் நான் வீடு திரும்புவதில்லை. என் மனைவியும் மகளும் பழகிவிட்டார்கள், ஒன்றும் சொல்வதில்லை. மகனையாவது மகளையாவது தம்மைவிட அதிகமாய் நேசிக்கிறவன் தமக்குப் பாத்திரன் அல்ல என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே. ஊழியத்தில் சோர்வு வராமலிருக்க நீங்கள் ஏதாவது எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

(பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

அங்கி போட்டவரைத் தம்பி என்று கூப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. அப்பாவைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிட்டார்கள். நீங்கள் அக்கா என்று எழுதிவிட்டீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் கடிந்தும் எழுதப்போகிறேன்.

கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். ஐந்து சபைக்கும் ஒரே பிரசங்கம் போதும். இந்த ஊர்க்காரர் அந்த ஊர்க் கோயிலுக்கு வரப்போவதில்லை. விடியற்காலை நாலரை மணிக்குக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பன்னிரண்டு நிமிடம் தாராளம். புதிதாக ஒன்றும் வேண்டாம், பழையதை நம்பிச் சொல்லுங்கள். வண்டியைப் பற்றிச் சேகரக் கமிட்டி பேசி முடிவெடுக்கட்டும். தாத்தா வரட்டும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மீரா பட்டணத்தில் ஆயராக இருந்த நிக்கொலாஸின் வழியில் வந்தவர்தான் அவர். இதற்கெல்லாம் நீங்கள் ஒரு பக்கம் நிற்கவே தேவையில்லை.

என்னைத் தூங்கவிடாத வரி வேறு. "பழகிவிட்டார்கள், ஒன்றும் சொல்வதில்லை." எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள். போன மாதம் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒதுங்க வைத்தபோது ஒரு பழைய நோட்டு கிடைத்தது. அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் இதே வார்த்தைதான்.

1984 டிசம்பர். எனக்குப் பதினொரு வயது, என் தம்பிக்கு ஏழு. அப்பா தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சேகரத்தில் இருந்தார். ஆறு சபைகள், ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி வண்டி. செம்மணலில் பாதி தூரம் அது அவரைச் சுமக்கும், மீதி தூரம் அவர் அதைத் தள்ளுவார். அந்த மாதம் முழுக்க எங்கள் அடுப்பு அணைந்ததில்லை. கேரல் முடித்து வருகிறவர்களுக்கு அம்மா கருப்பட்டிக் காப்பி போடுவாள். நாற்பது பேர் வருவார்கள், சில நாள் ஐம்பது. முறுக்குக்கும் முந்திரிக்கொத்துக்கும் மாவு இடிப்பதும் அம்மாதான். பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கணக்கை எழுதுவதும், ஓய்வுநாள் பள்ளி நாடகத்தில் மேய்ப்பர்களுக்குத் தலைப்பாகை கட்டிவிடுவதும் அம்மாதான்.

இருபத்து நாலாம் தேதி இரவு எங்கள் ஊர் முறை. ஒவ்வொரு வீட்டு நடையிலும் இரண்டு பாட்டு. பிறகு ஐயர் (குருவானவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்) ஜெபம் பண்ணுவார், வீட்டார் பெயரைச் சொல்லி. அப்பாவுக்கு அத்தனை பேர் பெயரும் தெரியும். பம்பாய்க்கு வேலைக்குப் போன பையன், பரீட்சையில் தவறிய பெண், வயிற்றிலிருக்கும் பிள்ளை, ஒருவரையும் விடமாட்டார். வீட்டார் தட்டில் காணிக்கை வைப்பார்கள். நோட்டில் பெயரும் தொகையும் ஏறும். எல்லா வீடும் முடிந்த பிறகு கடைசியாகக் குருமனைக்கு, குருவானவர் குடியிருக்கும் எங்கள் வீட்டுக்கு, வருவார்கள், காப்பி குடிக்க. தொண்டை கட்டியிருக்கும், கால் ஓய்ந்திருக்கும், மூன்று மணிக்கு முதல் மணி அடித்தாக வேண்டும். எங்கள் நடையில் யாரும் பாடியதில்லை. பாட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை, அப்பாவுக்கும்.

அந்த வருடம் தம்பிக்குப் பொன்னுக்குவீங்கி. இரண்டு கன்னமும் வீங்கி, அம்மாவின் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். நாடகத்தில் அவனுக்கிருந்த மேய்ப்பன் வேஷம் வேறொரு பையனுக்குப் போய்விட்டது. "பாட்டுக்காரங்க வந்தா என்னைய எழுப்புக்கா" என்று சொல்லிக்கொண்டே தூங்கினான். இரண்டரை மணிக்கு எழுப்பினேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு நடையில் வந்து உட்கார்ந்தான். முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் ஐம்பது பைசா.

அவர்கள் வந்தார்கள். பெட்ரோமாக்ஸை இறக்கி வைத்தார்கள். காப்பி குடித்தார்கள். ஆர்மோனியத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். தம்பி தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தான். அப்பா குனிந்து பார்த்தார். "இது எந்த வீட்டுக் காணிக்கை? எழுதியாச்சா?" என்று நோட்டு வைத்திருந்தவரிடம் கேட்டுவிட்டுக் குளிக்கக் கிணற்றடிக்குப் போனார். தம்பி அழவில்லை. பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டான். அடுத்த வருடம் அவன் என்னிடம் எழுப்பச் சொல்லவில்லை.

பழகிவிட்டான்.

அம்மாவின் பெட்டியில், பட்டுச்சேலைக்கு அடியில் இருந்தது அந்த வருடத்துக் கேரல் நோட்டு. வீடுகளின் பெயர்கள் எல்லாம் பென்சிலில், வேறொருவர் எழுத்தில். கடைசி வரி மட்டும் மையில், அப்பாவின் எழுத்தில்: குருமனை, 0.50. பிறகாவது அவருக்குப் புரிந்திருக்கிறது. அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு நாளும் பேசியதில்லை. பேசத் தெரியாத மனிதர், கணக்கில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மா அதை நாற்பது வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

அப்பாவைக் குற்றவாளியாக நிறுத்த இதை எழுதவில்லை. அவர் செய்ததில் பெரும்பகுதி அவர் மட்டுமே செய்யக்கூடியது. உங்களுக்கும் அப்படித்தான். குருப்பட்டம் பெறாத உபதேசியார் ஆராதனை நடத்தலாம், பிரசங்கம் பண்ணலாம். திருவிருந்தில் அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆசீர்வதிக்கக் குருப்பட்டம் பெற்றவர் வர வேண்டும். ஐந்து ஆலயத்திலும் பண்டிகையன்று திருவிருந்து வேண்டும், ஆள் ஒருவர்தான். நாலரைக்கு ஓரிடம், ஏழுக்கு அடுத்தது, ஒன்பதரைக்கு அதற்கடுத்தது. அந்தக் கிறிஸ்துமஸன்று பிற்பகலில் அப்பா ஓர் அடக்க ஆராதனைக்கும் போனார். போகத்தான் வேண்டும். சாவு வீட்டுக்குப் போகாத குருவானவரை நான் மதிக்கமாட்டேன்.

ஆனால் ஐந்து சபையின் கேரலிலும் கடைசி வீடுவரை நீங்கள் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? வாலிபர் சங்கத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் விழா, பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று, பாடகர் குழுவுக்கு ஒன்று, ஓய்வுநாள் பள்ளிக்கு ஒன்று. ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். எல்லாக் கேக்கையும் நீங்களா வெட்ட வேண்டும்? போகாவிட்டால் 'ஐயர் அவங்களுக்கு மட்டும் போனாரு' என்று பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயப்படுகிறீர்கள். பயத்துக்கு ஊழியம் என்று பெயர் வைத்துக்கொண்டு, அதற்கு ஆண்டவருடைய வசனத்தையும் சாட்சிக்கு இழுக்கிறீர்கள். ஆண்டவரை அதிகமாய் நேசிக்கச் சொன்ன இடத்தில் நீங்கள் ஊர் வாயை வைத்திருக்கிறீர்கள், தம்பி. எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

நானும் ஒரு வேதபகுதி சொல்கிறேன். யாத்திராகமம் 18. குருமார் கூடுகைகளில் இதை நிர்வாகப் பாடமாக நடத்துவார்கள்: ஆயிரம் பேருக்கு ஒரு தலைவன், நூறு பேருக்கு ஒருவன், ஐம்பது பேருக்கு ஒருவன், பத்துப் பேருக்கு ஒருவன் என்று மோசேக்கு வேலையைப் பிரிக்கச் சொல்லிக்கொடுத்த மாமனார் எத்திரோ. அப்பாவும் அப்படித்தான் பிரசங்கித்தார். அதிகாரத்தின் தொடக்கத்தை நிதானமாகப் படியுங்கள். எத்திரோ வனாந்தரத்துக்கு வரும்போது யாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்? மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளை. அவளுடைய இரண்டு பிள்ளைகளை. மூத்தவன் பெயர் கெர்சோம். அந்நிய தேசத்தில் பரதேசியானேன் என்று சொல்லித் தகப்பன் வைத்த பெயர். சில வருடத்துக்கு ஒரு முறை மாற்றலாகி, பள்ளிக்கூடம் மாறி, சிநேகிதிகளை விட்டுவிட்டுப் போகும் குருமனைப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரின் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

ஏழாம் வசனத்தைப் பாருங்கள். மோசே வெளியே வந்து மாமனாரை வணங்கி முத்தமிடுகிறார். ஒருவரையொருவர் சுகம் விசாரித்துக்கொண்டு கூடாரத்துக்குள் போகிறார்கள். சிப்போராளிடம் ஒரு வார்த்தை பேசியதாக அங்கே எழுதியில்லை. கெர்சோமைத் தூக்கியதாகவோ எலியேசரை முத்தமிட்டதாகவோ எழுதியில்லை. பிறகு பதின்மூன்றாம் வசனம், 'மறுநாள்' என்று வருகிறது. மறுநாள், தம்பி! பிரிந்திருந்த பெண்டாட்டி பிள்ளைகள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை மோசே ஜனங்களுக்கு நியாயம் விசாரிக்க உட்கார்ந்துவிட்டார். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எத்திரோ வாயைத் திறக்கிறார், நீர் செய்கிற காரியம் நல்லதல்ல என்று. நீரும் தளர்ந்துபோவீர், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள் என்பது அவர் வெளியே சொன்ன காரணம். நான் அதில் மகளைக் கொண்டுவந்து விட்ட தகப்பனின் குரலைக் கேட்கிறேன். கூடார வாசலில் பேரப்பிள்ளைகள் நிற்பதைப் பார்த்த தாத்தாவின் குரலைக் கேட்கிறேன். இத்தனை வருடம் இந்த அதிகாரத்தின்மேல் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். சிப்போராள் அன்று அங்கே இருந்தாள் என்பதை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

உங்கள் மனைவி உங்கள் சபைக்கு ஐயரம்மா. என் அம்மாவுக்கும் இருபத்தெட்டு வருடம் அதுதான் பெயர். அப்பா ஓய்வுபெற்ற பிறகு ரேஷன் கடையில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நான்தான் தோளைத் தொட்டேன். இது நம் சீமையில் பழைய கதை. பாளையங்கோட்டையில் 1785-ல் ஆலயம் கட்டுவித்தவர் குளோரிந்தா என்ற பிராமணப் பெண். ஊர் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று சொல்லிப் பழகியது. இடையன்குடி என்றதும் கால்டுவெல் பெயர் பள்ளிப் பிள்ளைக்கும் வாயில் வரும். 1844-ல் அவரை மணந்து அந்த ஊருக்கு வந்து, பெண்பிள்ளைகளுக்குப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்த எலைசாவை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். ஊழியக்கார வீட்டில் வளர்ந்து இன்னொரு ஊழியக்கார வீட்டுக்குப் போனவர். ஒன்றும் சொல்லாமல் இருப்பது எப்படி என்று சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிற வீடுகள் அவை. இதை வாசிக்கும் சபையார் யாராவது இருந்தால் அவர்களுக்கும் சொல்கிறேன்: ஒரு சம்பளத்தில் இரண்டு பேரை வேலை வாங்குகிறீர்கள். கேரல் முடிந்த இரவுக் காப்பியை உங்கள் வீடுகளில் முறை வைத்துப் போடுங்கள்.

சோர்வுக்கு என்னிடம் மருந்து ஏதும் இல்லை. இதைச் செய்யுங்கள். இந்த வருடம் இருபத்து நாலாம் தேதி கேரல் குருமனையிலிருந்து புறப்படட்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு, எல்லாருக்கும் தொண்டை நன்றாக இருக்கும்போது. நீங்கள் பாடகர்களோடு வெளியே நிற்க வேண்டாம். உள்ளே உங்கள் மனைவியோடும் மகளோடும் நில்லுங்கள். இரண்டு பாட்டையும் முழுதாகக் கேளுங்கள். ஜெபத்தைச் சபையில் மூத்தவர் ஒருவர் சொல்லட்டும், உங்கள் மூன்று பேருடைய பெயரையும் சொல்லி. தட்டை மகள் கையில் கொடுங்கள். நோட்டில் முதல் வரி குருமனையாக இருக்கட்டும். மறுநாள் கடைசி ஆராதனை முடிந்து வந்ததும் அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். சாவுச் செய்தி வந்தால் மட்டும் திறங்கள். செயலரிடம் இதை நவம்பரிலேயே சொல்லிவிடுங்கள். முதல் வருடம் முணுமுணுப்பார்கள். பிறகு அவர்கள் பழகிக்கொள்ளட்டும்.

நோட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து என் தம்பிக்கு அனுப்பினேன். அவனுக்கு ஐம்பது நெருங்குகிறது. இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி போன் பண்ணினான். வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லாரையும் வழக்கம்போல் விசாரித்தான். வைக்கப்போகும்போது கேட்டான்: "அது அப்பா கையெழுத்துதானாக்கா? நல்லாப் பாத்தியா?"

அன்புடன்,
அக்கா